ஜாபேஸின் செலவுகள்

புருஷன் பேசியதிலிருந்து தபித்தாள் அவனைத் தெரிந்துகொண்டது குறைவு. அவன் செலவு செய்ததிலிருந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

ஜாபேஸ் வெல்டர். நீலகிரியில் குந்தாப் பக்கம் மலையைக் குடைந்து நடந்த மின்சாரத் திட்டத்தில், ஆள் நிமிர்ந்து நடந்து போகிற அளவுக்குப் பெரிய தண்ணீர்க் குழாய்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன். அங்கே அவன் பங்கு வேலை முடிந்ததும், ஒப்பந்தக் கம்பெனி அவனை இமாச்சலத்தில் இன்னொரு சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டது. அப்போது கல்யாணமாகி மூன்றாம் வருடம். "ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுட்டு இருந்தமுன்னா மஞ்சூர்லயே ஒரு எடம் வாங்கிப் போட்டரலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பையும் ஒரு கம்பளியுமாக பஸ் ஏறினான். அவளிடம் அவன் பேசிய நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

கோபக்காரன் இல்லை. பாசமில்லாதவனும் இல்லை. பேச்சு வராது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அவள் சமைக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நிற்பான். மழை நாளில் அவள் செருப்பையும் சேர்த்து அடுப்போரம் காயவைப்பான். அதெல்லாம் பேச்சு மாதிரிதான். போன் வழியாக அதில் எதுவும் வராது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். கேம்ப்பில் சிக்னல் நிற்காது என்பதால் எங்கோ மேட்டில் ஏறி நின்று பேசுவான். காற்றுச் சத்தம்தான் முக்கால்வாசி.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டனுங்க. நீங்க?"

"ம்."

"குளுரு எப்பிடி இருக்குதுங்க?"

"இருக்குது."

பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காற்றைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "சரி, வெக்கட்டுமா?" என்பான். வைத்த பிறகுதான் கேட்க நினைத்ததெல்லாம் அவளுக்கு ஞாபகம் வரும்.

ஆனால் வாரத்தின் மற்ற நாட்களில் அவன் அவளோடு இருந்தான். இருவர் சம்பளமும் ஒரே கணக்கில்தான் விழும். இருவர் பேரிலும் சேர்ந்த கணக்கு. யார் செலவழித்தாலும் இரண்டு போனுக்கும் பேங்கிலிருந்து செய்தி வரும். மஞ்சூர் ரோட்டில் இருக்கும் தேயிலை ஃபேக்டரியின் பேக்கிங் செக்‌ஷனில் அவளுக்கு வேலை. காலையில் முதல் மூட்டையைப் பிரிக்கிற நேரத்துக்கு இடுப்பில் செருகியிருக்கும் போன் ஒரு தடவை அதிரும். எடுத்துப் பார்ப்பாள். 'தாக்கூர் டீ ஸ்டால்.' எழுந்துவிட்டான், கீழே கடைத்தெருவுக்கு வந்துவிட்டான், டீ குடித்துவிட்டான்.

ஒரு டீக்கான பணம் போனால் தனியாக உட்கார்ந்திருக்கிறான். இரண்டு டீக்கு என்றால் கூட யாரோ இருக்கிறார்கள். இரண்டு டீ நாட்களில் அவளுக்கு மனசு லேசாக இருக்கும். சலூன் பேர் வந்தால் அன்று முழுக்க அவன் பின்கழுத்து கண்ணிலேயே நிற்கும். முடி வெட்டிய புதிதில் அங்கே தோல் வெளுத்துக் குழந்தைக் கழுத்து மாதிரி இருக்கும். ஒரு தடவை மருந்துக்கடைப் பேர் வந்தது. ஞாயிறுவரை பொறுக்க முடியாமல் அன்றைக்கே கூப்பிட்டாள்.

"ஏனுங்க, உடம்புக்கு என்னங்க?"

"தலவலி. ஒண்ணுமில்ல." பிறகு, "உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றான்.

"சும்மா, தோணுச்சுங்க" என்றாள். செய்தி பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் வேவு பார்க்கிறதாக நினைத்துக்கொள்வானோ என்று கூச்சம். போன மார்கழியில் அவள் பிறந்தநாளன்று அவன் கூப்பிடவே இல்லை. சாயங்காலம் ஒரு இனிப்புக்கடையின் பேரில் பெரிய தொகையாகச் செய்தி வந்தது. ரூமில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அன்று ராத்திரி தபித்தாள் நன்றாகத் தூங்கினாள்.

அவள் பக்கமும் எல்லாம் போன்தான். பால், கீரை, கேஸ், சர்ச் காணிக்கைகூட. கடை அட்டையில் ஒட்டியிருக்கிற கட்டத்துக்குப் போனைக் காட்டினால் வேலை முடிந்தது. வீட்டில் காசு வைக்கிற டப்பாவில் இப்போது ஊசியும் நூலும்தான் கிடந்தன.

ஆடிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அவலாஞ்சியில் கொட்டுகிற மழைக்கு அணைகள் நிரம்புகின்றன என்று பேச்சு. மஞ்சூரில் பகலிலேயே விளக்குப் போட்டார்கள். கரண்டு இருந்தால் போட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் உட்கார்ந்தபோது போன் அதிர்ந்தது. 'மொபைல் வேர்ல்டு.' சரி, சார்ஜர் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கும்முன் அடுத்தது. 'ராயல் வைன்ஸ்.'

ஜாபேஸ் குடிக்க மாட்டான். அவன் அப்பா குடித்தே செத்தவர். கல்யாணத்துக்கு முன்னால் அவன் அவளிடம் தானாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

"யாருக்காச்சும் வாங்கிக் குடுத்திருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் கூப்பிட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பாதியில் துண்டித்தார்கள்.

சனிக்கிழமை வந்த செய்திகளில் ஊர்ப் பேரே வேறாக இருந்தது. பெட்ரோல் பங்க். பிரியாணிக் கடை. ஒரு லாட்ஜ். அவளுக்குப் பழக்கமான தாக்கூர் டீ ஸ்டால் எங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது போன் மணிபர்சுக்குள் அதிர்ந்தது. பார்க்கக்கூடாது என்று பாட்டு முடிகிறவரை வைராக்கியமாக நின்றாள். ஜெபத்துக்குத் தலை குனிந்தபோது பார்த்துவிட்டாள். 'பூஜா கலெக்‌ஷன்.' பொம்பளைத் துணிக்கடை என்று பேரிலேயே தெரிந்தது.

அன்று அவன் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை மாலதியிடம் சொன்னாள். மாலதி அவளைவிட மூத்தவள், பேக்கிங்கில் பக்கத்து மேசை. புருஷனை விட்டுவிட்டு இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கியவள். யார் கதையையும் சுற்றி வளைக்காமல் கேட்பாள்.

"அந்த ஆளக் கூட்டிட்டுப் போன மேஸ்திரி இருப்பானல்ல, அவனக் கேளு" என்றாள் மாலதி.

கேட்டாள். மேஸ்திரி எமரால்டு பக்கத்து ஆள். "அங்க ஒரே மழைங்க. ரோடு சரிஞ்சு போச்சு. வெள்ளிக்கெழமையிலருந்து டவரே இல்ல, கேம்ப்ல ஒருத்தரும் லைன்ல கெடைக்கறதில்ல" என்றான்.

டவர் இல்லை. ஆனால் ஜாபேஸ் செலவு செய்துகொண்டிருக்கிறான். அப்படியென்றால் அவன் கேம்ப்பில் இல்லை. யாரிடமும் சொல்லாமல் எங்கோ கீழே இறங்கிப் போயிருக்கிறான். தபித்தாள் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாதபடிதான் எல்லாம் எழுத்தில் வந்துகொண்டிருந்ததே.

"தூரத்துக்குப் போற ஆம்பளைங்க..." என்று ஆரம்பித்த மாலதி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். "பேங்குக்குப் போயி கணக்க நிறுத்தச் சொல்லு. உன்ற சம்பளமும் அதுலதான கெடக்குது?"

"நிறுத்துனா அவரு கையில காசில்லாமப் போயிருங்கக்கா."

"போகட்டுமே!"

"தெரியாத ஊருங்க. குளுரு. சோத்துக்கு என்ன பண்ணுவாரு?"

மாலதி அவளை வெறித்துப் பார்த்தாள். "சேலக்கடையில செலவு பண்றவன் சோத்துக்குச் செத்தா போயிருவான்?"

தபித்தாள் பாக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். சொல்லக்கூடிய காரணம் அவன் பட்டினி ஒன்றுதான். சொல்ல முடியாத காரணம் வேறு இருந்தது. கணக்கை நிறுத்திவிட்டால் செய்தியும் நின்றுவிடும். யாருக்குச் சேலை வாங்கினாலும் சரி, செய்தி வருகிறவரை அவன் எங்கோ இருக்கிறான், எதையோ சாப்பிடுகிறான். அதுவும் இல்லையென்றால் அவளுக்கு அவன் எங்கேயுமே இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தகரக் கூரையில் மழை. வாட்ஸ்அப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்த பிறகு ஞாபகம் வந்ததெல்லாம் அப்போது வந்தது.

'ஏனுங்க, என்ன கோவம்னு சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணியிருந்தாலும் சொல்லுங்க. நீங்க யார் கூட இருந்தாலும் நான் கேக்க மாட்டேன். பணம் போனாப் போகட்டும். எனக்கு எடமும் வேண்டாம் ஊடும் வேண்டாம். உங்க கம்பளிய நீங்க போனப்புறம் நான் தொவைக்கவே இல்ல, ஒண்ணத்த இங்க உட்டுட்டுப் போனீங்கல்ல, அது. அதப் போத்திட்டுத்தான் தூங்கறேன். ஒரு தடவ பேசுங்க. ம்னு சொன்னாக்கூடப் போதும். ஊட்டுக்கு வந்துருங்க.'

அனுப்பினாள். இரண்டு சாம்பல் கோடுகள். அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். கோடுகள் நீலமாகியிருந்தன.

படித்துவிட்டான்.

போனை மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். அரிசி குழைந்து அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் எழுந்தாள். பதில் வரவில்லை. ஆனால் படித்துவிட்டான் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. கம்பளியைப் பற்றி எழுதியிருக்க வேண்டாமோ என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், ஃபேக்டரிக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று கூப்பிட்டாள். மூன்றாம் மணியில் எடுத்தார்கள்.

"ஏனுங்க."

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. ஆனால் ஆள் இருந்தது. மூச்சு கேட்டது. வண்டிகள் போகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நான் எழுதுனதப் பாத்தீங்களா? பாத்தீங்க, எனக்குத் தெரியும். பேச வேண்டாங்க. சும்மா லைன்ல இருங்க. நான் பேசறேன். இங்க ஒரே மழைங்க. நம்ம ஊட்டுப் பின்னாடி செவுத்துல ஈரம் ஏறிருச்சு. நீங்க வந்துதான் பூசோணும். சாப்ட்டீங்களா?"

மூச்சு இன்னும் கேட்டது. அவள் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன்தான். பேச்சு வராத மனுஷன், குற்ற உணர்ச்சியில் இன்னும் வராது. பிறகு லைன் அறுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனபோது, "எடுத்தாருக்கா" என்று மாலதியிடம் சிரித்தபடி சொன்னாள்.

அதற்கடுத்த நாளில்தான் பெரிய தொகைகள் போக ஆரம்பித்தன. யார் யாரோ பேருக்கு, நாளுக்கு எவ்வளவு போகலாமோ அவ்வளவு. தபித்தாள் ஒவ்வொன்றையும் படித்தாள். மஞ்சூரில் வாங்க நினைத்த இடத்தை அவன் வேறு யாரோடோ வேறெங்கோ வாங்குகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதும் பேங்குக்குப் போகவில்லை. பேங்க் ஃபேக்டரியிலிருந்து நடக்கிற தூரம்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் அரிசியும் எண்ணெயும் எடுத்துவிட்டுப் போனைக் காட்டினாள். சிவப்பாக ஒரு குறி வந்தது. இன்னொரு தடவை காட்டினாள். அதே குறி.

"நெட்டு இல்லீங்களாட்ட இருக்குது" என்றார் கடைக்காரர், மரியாதைக்கு. அவருக்கும் புரிந்திருக்கும். "எடுத்துட்டுப் போங்க, அப்பறமாக் குடுங்க."

"இல்லீங்ணா, இருக்கட்டுங்க" என்று பையைத் திரும்ப வைத்துவிட்டு மழையில் இறங்கினாள். கையில் ஒரு ரூபாய் இல்லை. ஊரில் எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். அதனாலேயே யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. ரோட்டில் மேகம் இறங்கி எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. முதல் தடவையாக அவள் மீது அவளுக்கே ஆத்திரம் வந்தது. வீட்டில் இருந்த கடைசிக் கோதுமை மாவைக் கரைத்துத் தோசை ஊற்றித் தின்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் மூட்டை பிரிக்கும்போது ஆபீஸ் கிளார்க் மயில்சாமி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். ஓடக்கூடிய உடம்பில்லை அவருக்கு.

"அம்மிணி! தபித்தா! ஆபீஸ் போன்ல உன்ற ஊட்டுக்காரரு! சீக்கிரம் வா, கட்டாயிரும்!"

ஆபீஸில் மேசை மேல் ரிசீவர் கவிழ்ந்து கிடந்தது. மேனேஜர் உட்பட ஐந்தாறு பேர் அங்கே இருந்தார்கள். கை முழுக்கத் தேயிலைத் தூளோடு எடுத்தாள்.

"தபித்தா?" என்றான் ஜாபேஸ்.

அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்கு ஏதோ இடித்தது. இந்த ஒரு வாரமாக அவள் மனசுக்குள் பேசிக்கொண்டிருந்த ஆளின் குரல் இது இல்லை. இது பழைய குரல். எதுவும் நடக்காத குரல்.

"ஏனுங்க, எங்கிருக்கீங்க?"

"கேம்ப்ல. சைட் ஆபீஸ் போன். நேத்துத்தான் லைன் சரி பண்ணுனாங்க. போன வெள்ளிக்கெழம கீழ டவுன் பஜாருக்குப் போனேன். பஸ்ஸுல போன அடிச்சுட்டானுக."

தபித்தாள் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"கையில காசு இல்ல. எல்லாம் அதுலதான. திரும்பி வர ஏறுன பஸ்ஸுல டிக்கெட்டுக்கு இல்லைன்னு கண்டக்டரு எறக்கி உட்டுட்டான். நடந்தேன். பாதியில மல சரிஞ்சு ரோடு போச்சு. அங்க சீக்கியருங்க கோயிலு, ஒரு குருத்வாராவுல சோறு போட்டு, படுக்க எடம் குடுத்தாங்க. நாலு நாளு. அப்பறம் மல மேலயே சுத்தி வந்து கேம்ப்பப் புடிச்சேன்." அவன் இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் பேசி அவள் கேட்டதில்லை. "போலீசுல எழுதிக் குடுக்கறதுக்குக்கூட ரோடு இல்ல. நீ பயந்திருப்ப."

"யாருகிட்டயாச்சும் போன் வாங்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லங்க?"

"டவரு இல்ல. டவரு இருந்த எடத்துல..." அவன் நிறுத்தினான். "உன்ற நம்பர் எனக்குத் தெரியல."

"என்னங்க?"

"மனப்பாடமா இல்ல. ஆபீஸ்ல குடுத்து வெச்சிருந்தது உன்ற பழைய நம்பரு. எப்பவும் உன்ற பேரத் தொட்டாப் போதும், நீ எடுப்ப. அப்பிடியே இருந்துட்டேன். குருத்வாராவுல படுத்துட்டு நம்பர யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒம்போதுல ஆரம்பிக்கும்னு மட்டும் தெரிஞ்சுது."

"இந்த நம்பர் எப்பிடிக் கெடச்சுது?"

"நீ குடுத்து உட்ட டீத்தூளு. ஃபேக்டரி பாக்கெட். அதுல அடிச்சிருக்குது."

மயில்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். இதைச் சொல்லாமல் வைக்க முடியாது என்று தெரிந்தது. எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது.

"பணம் போச்சுங்க."

"எவ்வளவு?"

"எல்லாமுங்க. ஒவ்வொண்ணாப் போச்சு. எனக்கு மெசேஜ் வந்துட்டே இருந்துச்சு. பேங்குல சொல்லிப் பூட்டப் போட்டிருக்கலாம். போடல."

அந்தப் பக்கம் வெறும் இரைச்சல்.

"நீங்கதான் செலவு பண்றீங்கன்னு நெனச்சேன். நிறுத்துனா நீங்க பட்டினி கெடப்பீங்கன்னு..." அதற்குமேல் முடியவில்லை. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"போனப் பூட்டறதுக்கும் பணத்துக்கும் ஒரே நம்பர்தான் வெச்சிருந்தேன்" என்றான் ஜாபேஸ் மெதுவாக. "பஸ்ஸுல டிக்கெட்டுக்கு அடிக்கறப்ப பக்கத்துல நின்னவன் பாத்திருப்பான். தப்பு என்ற மேலதான். அழுவாத."

அன்றைக்கே மேனேஜர் தன் ஜீப்பில் அவளை பேங்குக்கு அனுப்பினார். மாலதியும் கூடப் போனாள். கணக்கை நிறுத்தினார்கள். சைபர் போலீசுக்குப் புகார் போனது. பிறகு பல வாரம் கழித்து, எங்கோ ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் பணம் திரும்பி வந்தது. மீதி வரவில்லை.

பணத்தைவிட வேறொன்று அவளை அரித்தது. அவள் எழுதியதை யாரோ ஒருவன் படித்திருக்கிறான். அவளுக்குத் தெரியாத ஊரில், அவள் புருஷன் பணத்தில் பிரியாணி தின்றுகொண்டே, கம்பளி வரைக்கும் படித்திருக்கிறான். தமிழ் தெரியாதவனாக இருப்பான் என்று மாலதி தேற்றினாள். எழுத்து தெரியாவிட்டால் போகட்டும், குரல்? அந்த மூச்சை அவள் எப்படிக் காதோடு அழுத்தினாள். அவன் ஏன் அத்தனை நேரம் துண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. சில நாட்களில் அவன் மேல் கோபம் வரும். சில நாட்களில் வராது.

ஜாபேஸ் ஆயுத பூஜைக்கு வருவதாக இருந்தது. இனி முடியாது. லீவை ரத்து செய்துவிட்டு ஓவர்டைம் எழுதிக்கொடுத்தான். பட்டன் போன் ஒன்று வாங்கினான். சம்பளத்தில் பாதியை கேம்ப் ஆபீஸிலேயே கையில் ரொக்கமாக வாங்கிக்கொண்டான். அதனால் தபித்தாளின் போனுக்கு எந்தச் செய்தியும் வராமல் போயிற்று. காலையில் முதல் மூட்டையைப் பிரிப்பாள். இடுப்பில் போன் சும்மா கிடக்கும். அவன் எழுந்துவிட்டானா, டீ குடித்தானா, தனியாக உட்கார்ந்திருக்கிறானா, ஒன்றும் தெரியாது. ஒன்றரை வருடத்தில் இல்லாத அளவு தொலைவில் அவன் இருக்கிறதாக அப்போதுதான் உணர்ந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அவனிடமே சொல்லிவிட்டாள். "உங்க செலவப் பாத்துத்தானுங்க நான் நாளப் போக்கிட்டு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க."

காற்று கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு, "நானுந்தான்" என்றான்.

"என்னங்க?"

"உன்றதும் எனக்கு வருமில்ல. சனிக்கெழம பேக்கரிக்குப் போவ. வர்க்கி வாங்குவ. நீ சாயங்காலம் உக்காந்து டீயில நனைச்சுத் தின்னுட்டு இருப்பன்னு நெனச்சுக்குவேன்." இன்னும் கொஞ்சம் காற்று. "சரி, வெக்கட்டுமா?"



கிறிஸ்மஸுக்கு வந்தான். பத்தே நாள் லீவு, அதிலும் போகவர ஆறு நாள் வழியிலேயே போய்விடும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அவள் முன்கூட்டியே போய்க் காத்திருந்தாள். மணிபர்சில் சில்லறையும் நோட்டுமாக வைத்திருந்தாள். மேட்டுப்பாளையம் பஸ்ஸிலிருந்து இறங்கியவனை முதலில் அடையாளமே தெரியவில்லை. தாடி. கன்னம் ஒட்டியிருந்தது. காதோரம் நரை. அவன் அவளைப் பார்த்து நின்றான். அவளும் நின்றாள். நடுவே ஒருவர் கேரட் மூட்டையை இழுத்துக்கொண்டு போனார்.

"எளச்சுட்டீங்க" என்றாள்.

"ம்" என்றான்.

மஞ்சூர் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் இருந்தது, ஆனால் காற்று கத்தி மாதிரி வந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கி மூட அவன் கையை நீட்டியபோது சட்டைக்கை மேலே ஏறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கி, இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

தபித்தாள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினாள். "இதென்னங்க?"

"வெல்டிங் தெறிச்சுது. ஆறிப்போச்சு."

"எப்ப?"

"ஆனி மாசம்."

ஆனி மாதத்தை அவள் மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். ஒரு நாள் விடாமல் டீ குடித்த மாதம். இரண்டு டீ நாட்கள் நிறைய. அவளுக்கு நிம்மதியாக இருந்த மாதம். "எனக்கு ஒண்ணுமே வரலீங்களே" என்றாள், தன்னை அறியாமல்.

"கேம்ப் டாக்டரே கட்டுப் போட்டு உட்டாரு. அதுக்கு யாரு காசு வாங்கறாங்க?" என்றான் அவன். "கை தூக்க முடியல. அதான் கூட ஒருத்தன் வருவான், டம்ளரப் புடிச்சுக் குடுக்க. அவனுக்கும் சேத்து ஒரு டீ."

பஸ் ஒரு வளைவில் சாய்ந்து எழுந்தது. தபித்தாள் அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள். சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்தாள். வழுவழுப்பாக இருந்தது.

"வேற என்னங்க நடந்துச்சு?"

"வேறன்னா?"

"காசு குடுக்காம நடந்தது எல்லாஞ் சொல்லுங்க. நான் பாக்காதது."

அவன் எதிர் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்தான். பேசமாட்டான் என்றே அவள் நினைத்துவிட்டாள். பிறகு சொல்ல ஆரம்பித்தான். சுரங்கத்துக்குள் ஒரு தடவை பாறை இடுக்கிலிருந்து வெந்நீர் வந்ததாம், எல்லோரும் அதிலேயே குளித்தார்களாம். குருத்வாராவில் ரொட்டி போட்ட கிழவர் அவன் பேரைக் கேட்டுவிட்டுத் தன் வாயில் நுழையாமல் கடைசிவரை 'மதராசி பேட்டா' என்றே கூப்பிட்டாராம். முதல் பனி விழுந்த காலையில் ரூமில் யாரும் எழுந்திருக்கவில்லையாம், இவன் மட்டும் கதவைத் திறந்து வெளியே நின்றானாம்.

"அப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா..." என்றான். ரயிலில் இரண்டு ராத்திரி தூங்காத கண்கள் அங்கேயே செருகின. தலை மெதுவாகச் சாய்ந்து அவள் தோளில் விழுந்தது.

பஸ் தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இறங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். தபித்தாள் தோளை அசைக்காமல் ஒரு கையால் மணிபர்சைத் திறந்தாள்.